2025 ஆண்டறிக்கை: கிர் காட்டுக்குப் போய்ட்டு வந்த வருஷம்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். செயலாளரா இந்த வருஷ அறிக்கைய உங்க முன்னாடி வைக்கிறேன். மாசக்கூட்டம் பத்து நடந்துச்சு, ரெண்டு மழையில விட்டுப்போச்சு, புதுசா நாலு பேர் சேந்திருக்காங்க, வரவு செலவ பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க, அதனால நான் நேரா, குஜராத்துல சிங்கம் வாழுற கிர் காட்டுக்குப் போன பயணத்துக்கு வந்துடுறேன், ஏன்னா இந்த வருஷம் நம்ம சங்கம் எடுத்துச் செஞ்ச பெரிய வேலை அதுதான்.

டிசம்பர்ல பதினேழு பேரு கிளம்பினோம். மழைக்காலத்துல ஜூன் நடுவுல இருந்து அக்டோபர் நடுவு வரைக்கும் காட்ட மூடிடுவாங்க, அதனாலதான் இந்த மாசம். ஜூனாகட்ல இறங்கி சாசன் கிர் போய்ச் சேந்தோம். ஜிப்ஸின்னு சொல்ற திறந்த ஜீப் ஒண்ணுக்கு ஆறு பேர், கூடவே கைடு, பர்மிட்ல இருக்கிற பேரும் கையில இருக்கிற ஐடியில இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும்.

இங்கதான் ஒரு வருத்தமான விஷயம் நடந்துச்சு, மறைக்காம சொல்லிடுறேன். புக்கிங் செஞ்சு குடுத்த ஏஜென்ட், நம்ம ஆளுங்க ரெண்டு பேரோட இனிஷியல விரிச்சு அப்பா பேர முன்னால போட்டுட்டாரு, ஆதார்ல வேற மாதிரி இருந்துச்சு. கேட்ல விடல. விடியக்காலைல ஸ்வெட்டர், மங்கி குல்லாவோட காத்துக்கிட்டு இருந்த அந்த ரெண்டு பேரையும் வெளிய நிறுத்திட்டு நாங்க மட்டும் உள்ள போனது எனக்கு இன்னும் மனசுல அறுக்குது. அவங்க அன்னிக்கு வேலி போட்ட தேவாலியா பார்க்ல பஸ்ல போய்ப் பாத்துட்டு வந்தாங்க, ஆனா அது வேற, காட்டுக்குள்ள போறது வேற.

உள்ள போனா ரெண்டு பக்கமும் தேக்கு, காஞ்ச இலை, பாதையெல்லாம் மாவு மாதிரி புழுதி. அதுல ஒரு கால்தடத்த கைடு காட்டினாரு, என் உள்ளங்கைய விரிச்சு வச்சாலும் அதுக்கு ஈடாகல போல இருந்துச்சு. கொஞ்ச தூரத்துல புள்ளிமான் ஒண்ணு விடாம கத்துச்சு, சிங்கம் பக்கத்துல இருந்தா அது அப்படித்தான் எச்சரிக்கும், டிரைவர் உடனே இஞ்சின ஆஃப் பண்ணிட்டாரு. ஒரு பெண் சிங்கம் ரெண்டு குட்டியோட பாதையிலயே எங்கள நோக்கி நடந்து வந்துச்சு, ஜிப்ஸிய உரசாத குறையா தாண்டிப் போச்சு, காது மடல்ல உண்ணி ஒட்டியிருந்தது கூட தெரிஞ்சுது. எங்க வண்டியில யாரும் மூச்சு விடல. அப்புறம் ஆண் சிங்கம் ஒண்ணு நிழல்ல படுத்திருந்துச்சு, பிடரி அவ்வளவு அடர்த்தி இல்ல, காது வெளிய தெரியும், வயித்துக்கு அடியில நீளமா தோல் மடிப்பு இருக்கும், ஆசியச் சிங்கத்துக்கு அதுதான் அடையாளம்.

திரும்பும்போது எருமை ஓட்டிக்கிட்டு மால்தாரின்னு சொல்ற மேய்ச்சல்கார சமூகத்துப் பெரியவர் ஒருத்தர் வந்தாரு, கையில ஒரு கம்பு மட்டும்தான். சிங்கம் படுத்திருந்த இடத்துல இருந்து அது ரொம்ப தூரம் இல்ல. முள்வேலி கட்டின குடியிருப்புல, அத நெஸ்னு சொல்றாங்க, தலைமுறை தலைமுறையா அவங்க அந்தக் காட்டுக்குள்ளயே இருக்காங்க.

அந்தப் பகுதிய ஆண்ட ஜூனாகட் நவாப் வேட்டைக்கு தடை போட்ட காலத்துல சிங்கம் விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் மிச்சம் இருந்துச்சுனு சொல்வாங்க. 1965ல கிர் சரணாலயம் ஆச்சு, சிங்கத்தோட எண்ணிக்கை 2020ல 674, இந்த வருஷக் கணக்குல 891. கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா அதுல பாதி அளவுக்கு காட்டுக்கு வெளிய, வயல் பக்கமும் கடலோரமும் சுத்துது, திறந்த கிணத்துல விழுது, ரயில்ல அடிபடுது. கிணத்த சுத்தி கைப்பிடிச் சுவர் கட்டி வச்சிருக்கறத வழியெல்லாம் பாத்தோம்.

நம்ம வாத்தியார் ஐயா அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல ஒரு கேள்வி எழுப்பினாரு, உலகத்துலயே இயற்கையா வாழுற எல்லா ஆசியச் சிங்கமும் ஒரே வட்டாரத்துல இருக்கே, ஒரு நோய் வந்தா என்ன ஆகும்னு. 2018ல வந்துச்சு. நாய்கிட்ட இருந்து பரவுற டிஸ்டெம்பர் வைரஸ், கொஞ்ச வாரத்துலயே இருபதுக்கு மேல செத்துப்போச்சு. அதுக்கு முன்னாடியே 2013ல சுப்ரீம் கோர்ட் மத்தியப் பிரதேசத்து குனோ காட்டுக்கு கொஞ்சம் சிங்கத்த மாத்தச் சொல்லிடுச்சு, இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு கூட போகல, சிங்கத்துக்குப் பதிலா 2022ல அங்க நமீபியாவுல இருந்து சீட்டா (நம்ம ஊர் சிறுத்தைப்புலி இல்ல, அது வேற இனம்) வந்து இறங்குச்சு. குஜராத் மக்கள் அந்தச் சிங்கத்த தங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பாக்குறாங்க, அது உண்மை, நேர்லயே பாத்தோம், இருந்தாலும் அதுக்கு ரெண்டாவது வீடு ஒண்ணு வேணும்னு நான் உறுதியா நினைக்கிறேன். இது பத்தி மார்ச் கூட்டத்துல முழுசா பேச ஒரு மணி நேரம் ஒதுக்கணும்னு கேட்டுக்கறேன்.

அடுத்த பயணத்துக்கு ரெண்டே கோரிக்கை. ஆதார்ல இருக்கிற மாதிரியே, எழுத்து மாறாம, உங்க பேர ஜனவரிக்குள்ள என்கிட்ட குடுத்துடுங்க, புக்கிங்க இனிமே சங்கமே செய்யும். இந்த தடவை கேட்ல நின்ன ரெண்டு பேருக்கும் முதல் ஜிப்ஸியில முன் சீட்டு.