மலேரியா கிருமி மூளைக்குள் போவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மலேரியா கட்டுரையில் 'கிருமி மூளைக்குள் புகுந்துவிடும்' என்று ஒரு வரி. அப்படி இல்லைங்க. மலேரியாக் கிருமிகளில் மிக ஆபத்தான வகையான ஃபால்சிபாரம் மூளைத் திசுவுக்குள் நுழைவதே இல்லை. அது குடியிருக்கும் சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு ரத்த ஓட்டத்தை மறிக்கின்றன.

லேபில் ஸ்லைடு பார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை என்றால் எல்லா வயதுக் கிருமியும் கண்ணில் படும். ஃபால்சிபாரத்தில் பெரும்பாலும் சிவப்புப் புள்ளி வைத்த சின்ன மோதிரங்கள்தான் (கிருமியின் இளம் பருவம்), எப்போதாவது வாழைப்பழ வடிவத்தில் ஒன்று. நடுவில் வளர்ந்தவை எங்கே? எல்லாம் உள்ளுறுப்புகளில் ஒட்டிக் கிடக்கின்றன.

கிருமி சிவப்பணுவுக்குள் வளர்ந்து பெருகும் 48 மணி நேரச் சுற்றில் ஏறக்குறைய முதல் பாதிதான் அந்த அணு ரத்தத்தில் ஓடித் திரியும். அப்புறம் கிருமி செய்த பிஎஃப்இஎம்பி1 என்ற புரதம் அணுவின் மேலே குட்டிக் குட்டிப் புடைப்புகளில் வந்து உட்கார்ந்து, குழாய்ச் சுவரில் உள்ள சிடி36, ஐகேம்-1, இபிசிஆர் போன்ற புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். எதற்கு இந்தப் பாடு? மண்ணீரலுக்குப் பயந்துதான். கிருமி வளர்ந்து விறைத்துப்போன அணு அங்கே போனால் சல்லடையில் கல் மாதிரி சிக்கி அழிந்துவிடும். இந்தப் புரதத்துக்குக் கிருமியிடம் சுமார் 60 ஜீன்கள். நம் உடம்பு ஒன்றை அடையாளம் கண்டுகொள்வதற்குள் அடுத்ததுக்குத் தாவிவிடுகிறது (கில்லாடிதான்). அதில் ஒரு வகை நஞ்சுக்கொடியில் ஒட்டும், ஆப்பிரிக்காவில் சிறு வயதிலிருந்தே மலேரியா கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்ற பெண்கள்கூட முதல் கர்ப்பத்தில் அவதிப்படுவது அதனால்தான்.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான சங்கதி, விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் ஒட்டிக்கிடப்பவை கணக்கில் வராது. ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே, லேசான மலேரியாதான் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது, அதுவும் நோயாளி பிதற்றினால், வலிப்பு வந்தால், கூப்பிட்டும் எழுந்திருக்காவிட்டால். மலாவியின் பிளான்டயரில், மயங்கிக் கிடக்கும் குழந்தையின் விழித்திரையைப் பார்த்து, வெளுத்த திட்டுகளையும் நிறம் மாறிய குழாய்களையும் வைத்தே மூளை மலேரியாவை உறுதி செய்கிறார்கள். சிகிச்சையிலும் இதே கதைதான்: ஆர்ட்டிசுனேட் ஊசி மோதிரப் பருவத்திலேயே, அதாவது ஒட்டுவதற்கு முன்பே, கிருமியைக் கொல்லும், பழைய மருந்தான குயினைன் அந்தப் பருவத்தில் அவ்வளவாக வேலை செய்யாது. 2010-ல் வெளியான ஆய்வில், கடும் மலேரியா கண்ட 5,425 ஆப்பிரிக்கக் குழந்தைகளில் குயினைன் பெற்றவர்களில் இறந்தோர் 10.9 சதவீதம், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 8.5 சதவீதம்.

சரி, ஒரு வேண்டுகோள். மலேரியா என்றதும் அரைப் பக்கத்துக்குக் கொசுப் படம் போடுகிறீர்கள். அடுத்த தடவை அந்த இடத்தில், அணுக்கள் அடைத்துக் கிடக்கும் ஒரு ரத்தக் குழாயின் படத்தைப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்