ஆறேகால் வண்டியைத் திருப்பி விடுங்கள்: கிளை மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். டவுனிலிருந்து சாயங்காலம் எங்கள் ஊருக்கு வரும் ஆறேகால் வண்டி, பொங்கல் ஸ்பெஷலுக்கு என்று எடுத்துப்போனது, இன்னும் திரும்பவில்லை. இதை உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி 26 கிராம சபைத் தீர்மானத்தின் நகல் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவும் உங்களுக்குத்தான் அனுப்பப்பட்டது. முதல்வர் உதவி மையம் 1100-க்குப் போன் செய்தவர்களுக்கும் "சம்பந்தப்பட்ட கிளைக்கு அனுப்பியாகிவிட்டது" என்ற பதில்தான். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் உங்களிடம்தான் வந்து நிற்கிறது. அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுத வைத்தது போன வாரம் உங்கள் அலுவலகத்தில் நடந்தது. ஊர்ப் பெண்கள் சிலர் வகுப்புக்கு முன்னால் உங்களைப் பார்க்க வந்தோம். நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். அங்கே இருந்தவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை, அது போகட்டும். "எல்லாம் ஓசி டிக்கெட்டு. கலெக்‌ஷனே இல்லாத ரூட்டுக்கு எதுக்கும்மா நைட்டு வண்டி? ஷேர் ஆட்டோல போங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்ற உத்தரவு 2021 மே மாதம் வந்தது. அது உங்கள் கிளை எங்களுக்குச் செய்த தயவு இல்லை. அரசு அந்தக் காசைப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தருகிறது. 2023-24 பட்ஜெட்டில் இதற்கு மட்டும் 2,800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கண்டக்டர் எங்களுக்கும் சீட்டுக் கொடுத்துத்தான் கணக்கில் ஏற்றுகிறார். அப்படியிருக்க, நாங்கள் ஏறினால் வண்டி காலியாக ஓடுவதாக எப்படிச் சொல்கிறீர்கள்?

சரி, கலெக்‌ஷனையே பேசுவோம். ஆறேகால் வண்டி எங்கள் ஊரில்தான் ஹால்ட். டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்திருந்து, விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு எடுப்பார்கள். இப்போது மிளகாய் சீசன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முண்டு மிளகாய்தான், மூட்டை மூட்டையாக அந்த வண்டியில் டவுன் கமிஷன் கடைக்குப் போகும். ஒவ்வொரு மூட்டைக்கும் லக்கேஜ் டிக்கெட். ஆம்பளைகள் எல்லாருக்கும் முழு டிக்கெட். அந்தக் காலை டிரிப்பையும் சேர்த்து நிறுத்திவிட்டு ரூட்டில் வருமானம் இல்லை என்பது என்ன கணக்கு ஐயா?

எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். காலேஜில் இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலையில் சும்மா இருப்போம் என்று டவுனில் நினைக்கிறார்கள். காலையில் நாங்கள் மிளகாய்க் கொல்லையில் இருப்போம். வெயில் ஏறுவதற்குள் அம்மாவோடு பழம் பறித்து, களத்தில் கொட்டிப் பரப்பிவிட்டு வர வேண்டும். மிளகாய்ப் பழம் பறித்த கை எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் காந்தும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பஸ் ஏறுவோம். வகுப்பில் மறந்துபோய்க் கண்ணைத் தொட்டுவிட்டால் அந்த பீரியட் முழுக்க அழுகைதான். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கொல்லை எங்களுடையது, வேலையும் எங்களுடையது. படிப்பும் எங்களுடையது என்பதால்தான் மத்தியான வண்டிக்கு ஓடி வருகிறோம்.

வகுப்பு ஐந்தே முக்காலுக்கு முடியும். ஆறேகால் வண்டியைப் பிடித்தால் ஏழு மணிக்கு வீடு. இப்போது எங்கள் ஊருக்குக் கடைசி வண்டி நாலரை. அதில் ஏறினால் கடைசி பீரியட் போய்விடும். வருகைப் பதிவு 75 சதவீதம் இருந்தால்தான் பரீட்சை. அதில் ஏறாவிட்டால் மெயின் ரோட்டில் போகும் புறநகர் வண்டியில் காசு கொடுத்து ஏறி, ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்க வேண்டும். அதிலும் பாதி வண்டிகள் "விலக்குல ஸ்டாப் கிடையாது" என்று ஏற்றுவதே இல்லை. ஏற்றிக்கொண்டால், விலக்கிலிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர் நடை.

அந்த நாலு கிலோமீட்டரை நீங்கள் பகலில் ஜீப்பில் பார்த்திருக்கலாம். இருட்டில் பார்த்திருக்க மாட்டீர்கள். விலக்கில் நிழற்குடை இருக்கிறது, விளக்கு இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கிறது. நடு வழியில் ஒரு சின்னப் பாலம். பொழுது சாய்ந்தால் அதன் கட்டையில் உட்கார்ந்து குடிப்பவர்கள் உண்டு. நாங்கள் வருவது தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். இதுவரை யாரும் எதுவும் செய்ததில்லை. ஆனால் அந்தப் பாலத்தைத் தாண்டும்வரை எங்களில் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். மத்தியானமே போனை அணைத்து வைத்துவிடுவோம், ராத்திரி டார்ச்சுக்குச் சார்ஜ் வேண்டும் என்பதற்காக. பையன்கள் யாராவது பைக்கில் வந்தால் லிப்ட் கேட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் அப்படிப் போனால் மறுநாள் ஊரில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு விலக்குக்கு வருகிறார்கள். பகல் முழுக்கக் கொல்லையில் குனிந்து நின்றவர்கள், அப்புறம் நாலு கிலோமீட்டர் நடந்து வந்து, இருட்டில் உட்கார்ந்திருந்து, எங்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி நாலு கிலோமீட்டர் நடக்கிறார்கள். வண்டி லேட்டானால் போன் போட்டுப் போட்டுப் பதறுகிறார்கள்.

ஒரு பெண் காலேஜுக்கு வராமல் நின்றேவிட்டாள். எங்கள் தெருதான், பி.காம். முதலாம் ஆண்டு. அப்பா விறகைக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறவர், ராத்திரி மூட்டத்துக்குக் காவல் இருக்க வேண்டும். அம்மா இல்லை. விலக்குக்கு வந்து கூட்டிப்போக அவள் வீட்டில் ஆளே கிடையாது. "வண்டி வரட்டும்மா, அனுப்புறேன்" என்கிறார் அவள் அப்பா. இன்னும் டி.சி. வாங்கவில்லை. அவள் வருகைப் பதிவு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

ஷேர் ஆட்டோவில் போகச் சொன்னாரே, ராத்திரி ஆளுக்கு 50 ரூபாய் கேட்கிறார்கள். மாதம் இருபது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேற்படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்று புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் தருவது அதே 1,000 ரூபாய். அரசு படிக்கச் சொல்லிக் கொடுக்கும் பணத்தை அரசு வண்டி வராத காரணத்தால் ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டுமா?

எங்கள் ஊருக்கு எது வந்தாலும் ஆள் கணக்குப் பார்த்துத்தான் வருகிறது. வங்கிக் கிளை கேட்டால் கணக்கு வைத்திருப்பவர்கள் குறைவு என்கிறார்கள். பள்ளிக்கூடத்தை உயர்த்தக் கேட்டால் பிள்ளைகள் குறைவு என்கிறார்கள். வசதி இல்லாததால் ஆள் வெளியே போகிறது, ஆள் போனதால் வசதி இல்லை என்கிறார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட குடும்பங்களின் பூட்டிய வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. மிச்சம் இருக்கிறவர்கள் சுகர் மாத்திரை வாங்கக்கூட அந்த வண்டியைத்தான் நம்பி இருந்தார்கள்.

இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். ஆறேகால் வண்டி உங்கள் பொறுப்பு. அதைத் திருப்பி விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டிரைவர், கண்டக்டர் பற்றாக்குறை என்று சொல்கிறீர்கள். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ரூட்டுக்கு வரும் டிரைவர் அண்ணன் டபுள் டூட்டி பார்த்துக் கண் சிவந்து வருவதை நாங்களே பார்க்கிறோம். ஹால்ட் போட ஆள் இல்லை என்றால், வண்டி எங்களை இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்பட்டும். அதற்கும் வழியில்லை என்றால், நாலரை வண்டியையாவது ஆறு மணிக்கு மாற்றி எடுக்கலாம். நாலரைக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதற்கு முந்தைய வண்டி இருக்கிறது. நேரத்தை மாற்ற அவர்கள் வீட்டிலும் ஒத்துக்கொள்கிறார்கள், பேசிவிட்டோம்.

ஏப்ரலில் செமஸ்டர். அதற்குள் வண்டி வந்தால்தான் அந்த பி.காம். பிள்ளைக்கு ஒரு வருடம் மிஞ்சும். இந்த மாதம் முடிவதற்குள் ஆறேகால் வண்டியைத் திருப்பி விடும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். முடியும் முடியாது எதுவானாலும் ஊராட்சி அலுவலகத்துக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள். முடியாது என்றால் காரணத்தையும் எழுதுங்கள் ஐயா. அதை எடுத்துக்கொண்டு நாங்கள் மேலே போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஊர் மாணவிகள் சார்பில்,
பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு மாணவி,
இராமநாதபுரம் மாவட்டம்