பேட்டரியை மாற்றும் முன்…

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பெட்ரோல் அம்பாசடர், பத்மினி கார்கள் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால், பழி உடனே பேட்டரி மேல் விழுகிறது. பல நேரம் குற்றவாளி, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைதான்.

இதைக் கண்டுபிடிக்க, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஓய்ந்திருக்கும் வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். சார்ஜ் ஏற்றிய பிறகே மேற்கொண்டு பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க, இக்னிஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துத் தரும் பாகம்) போகும் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி எர்த் செய்யுங்கள், அதாவது இன்ஜின் இரும்பில் தொட வையுங்கள். ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்கும்போது மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் முனையிலும் (கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே) மறுமுனை இன்ஜின் இரும்பிலும் இருக்கட்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ துரு அல்லது தளர்ச்சி. பட்டையைக் கழற்றி, இரு பக்கமும் இரும்பு பளபளக்கத் தேய்த்து முறுக்குங்கள்.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் மின்சாரத்துக்கு இந்தப் பட்டைதான் பாதை. அது கெட்டால் மின்சாரம், டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் சூடானால் வேறு சாட்சி வேண்டாம்!

பட்டை நன்றாயிருந்து, ஸ்டார்ட்டர் இயங்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ் மட்டும் 9.6க்குக் கீழே சரிந்தால், பேட்டரியையோ ஸ்டார்ட்டரையோ சந்தேகிக்கலாம். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் தீப்பொறியை உண்டாக்க டிஸ்ட்ரிபியூட்டரில் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியையும், அதோடு இணைந்த கண்டென்சரையும் பாருங்கள். அம்பாசடரில் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சோலனாய்டின் முனைகளை ஸ்குரூடிரைவரால் குறுக்கே தொடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கியரில் இருந்தால் வண்டி ஆள் மேல் பாயும்.

இப்படிக்கு,
வாசகர், கோவை