அப்பத்தா காத்த ஊருணிக்கு இன்னும் 3,40,000 ரூபாய் வேண்டும்

ஊர் மக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஊருணிக் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். புரட்டாசி பாதி போய்விட்டது. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான், அதை விட்டால் அடுத்த வருஷம்வரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஊருணியில் முக்கால்வாசி தூர் வெட்டியாகிவிட்டது, ஆனால் தென்கரைப் படித்துறையைப் பிரித்துப் போட்டது போட்டபடி கிடக்கிறது. இந்த நிலையில் மழை இறங்கினால் கரை சரிந்து, வெட்டி எடுத்த மண்ணே திரும்ப உள்ளே போய்விடும். இதுவரை கொடுத்தவர்கள் காசும் அதோடு போச்சு.

வருகிற கார்த்திகையோடு அப்பத்தா போய் ஒரு வருஷம் ஆகிறது. முதல் திதிக்குள் ஊருணியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது, அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து பிள்ளையார் கோயில் முன்னால் உட்கார்ந்து நாம் எல்லோரும் சேர்ந்து சொன்ன சொல்.

இந்த ஊருணி தாது வருஷப் பஞ்சத்தில் நம் பாட்டன்மார் கஞ்சிக்கு மண் சுமந்து வெட்டியது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது 1876-78. போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருகிற மண்ணில், சுற்றுப்பட்டு நாலு ஊருக்கும் குடிக்க நல்ல தண்ணீர் கொடுத்தது இதுதான். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் முதலில் இந்தத் தண்ணீரை ஒரு செம்பு குடித்துப் பார்ப்பார்களாம்! 1964 மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது இங்கேயும் கரை உடைந்தது. அன்றைக்கு இடுப்பில் ஒரு பிள்ளையோடு நின்ற அப்பத்தா, பிள்ளையைப் படியில் உட்காரவைத்துவிட்டு, பனைமட்டையும் மண்ணும் அள்ளிப்போட்டு உடைப்பை அடைத்த பெண்களில் ஒருவர். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் இந்தக் கரையை அவர் விடவில்லை.

ஆதாரில் பிறந்த வருஷம் 1931 என்று இருக்கிறது. அதற்கும் நாலைந்து வயது கூடத்தான் இருக்கும் என்பார் அவர் தங்கச்சி. மிளகாய் பழம் எடுக்கப் போவார், நெல் அறுக்கப் போவார், மழை பொய்த்த வருஷங்களில் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டார். அப்படித்தான் அஞ்சு பிள்ளைகளையும் கரையேற்றினார். எந்த வேலைக்குப் போனாலும் விடியுமுன் கரைப் பிள்ளையாருக்கு வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் போவார். செருப்போடு படியில் கால் வைத்தவனை, அவன் வாத்தியாரே ஆனாலும், பேர் சொல்லி ஏசுவார். கலங்கல் தண்ணீரைக் குடத்தில் ஊற்றுமுன் தேத்தாங்கொட்டையை எடுத்துக் குடத்தின் உள்சுவரில் வட்டமாகத் தேய்ப்பார், ‘பொறுடா, இப்ப பாரு’ என்பார், கொஞ்ச நேரத்தில் மண் அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். இதைப் படிக்கிற பாதிப் பேர் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்தான்.

சரி, கணக்கு. பொக்லைன் 160 மணி நேரம், மணிக்கு 1,400 வீதம் 2,24,000. மண் அடிக்க டிராக்டருக்கு 2,20,000. வண்டலைத் தங்கள் புஞ்சைக்கு அடித்தவர்கள் வண்டிச் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டதால்தான் இதோடு நின்றது. படித்துறைக்கும் தென்கரைச் சுவருக்கும் 4,10,000, ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க 96,000, ஆடு மாடு இறங்காமல் வேலிக்கு 75,000. ஆக 10,25,000. கையில் வந்தது 6,85,000. தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கியாகிவிட்டது, அதில் ஒரு குறையும் இல்லை.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தம்பிகள் ஓவர்டைம் காசில் 2,60,000 அனுப்பினார்கள். அதில் ஒரு தம்பி ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, வீட்டுக்கு அனுப்புமுன் ஊருணிக்கு அனுப்பினான். சென்னை, திருப்பூர்ப் பிள்ளைகள் 1,78,400. தலைக்கட்டு வரி 2,000 வீதம் 117 வீட்டார் கட்டிவிட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் நம் பெண்கள் 42 பேர் ஆளுக்கு 300 ரூபாய் முடிந்து கொண்டுவந்து கொடுத்தபோது பொருளாளர் அண்ணன் வாங்கத் தயங்கினார். ‘அப்பத்தாவுக்குண்ணே, வாங்குங்க’ என்று கையில் திணித்துவிட்டுப் போனார்கள். பிள்ளையார் அவர்கள் குடும்பத்தை நல்லா வைத்திருப்பார்.

ஆனால் 148 தலைக்கட்டில் 31 வீடு இன்னும் வரி கட்டவில்லை. யார் என்று இங்கே எழுதப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும். கஷ்டப்படுகிறவர்கள் குழுவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டோம். காதுகுத்துக்கு ஃபிளெக்ஸும் பந்தலும் போட முடிந்தவர்கள் 2,000 ரூபாய்க்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிரசவத்துக்கு ராத்திரியில் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அப்பத்தா. அந்த 31 வீடும் கட்டினாலும் 2,78,000 குறையும், அதற்குத்தான் வெளியூர்ப் பிள்ளைகளிடம் மறுபடியும் கை நீட்டுகிறோம். ஏற்கெனவே கொடுத்தவர்கள் சங்கடப்பட வேண்டாம், உங்கள் கூட்டாளிகளிடம் சொல்லுங்கள், அதுவே பெரிய உதவி.

பொக்லைன்காரர் இன்னும் பத்து நாள்தான் நிற்பார், அப்புறம் வேறு ஊர் வேலைக்குப் போகிறார். கொத்தனாருக்கு அட்வான்ஸ் இந்த வாரமே கொடுக்க வேண்டும். பணம் அனுப்பும் எண் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது, கையில் கொடுப்பவர்கள் பொருளாளர் வீட்டில் கொடுக்கலாம். ரசீது இல்லாமல் யாரிடமும் காசு கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கரைப் பிள்ளையார் கோயில் முன் வரவு செலவைச் சத்தமாகப் படிக்கிறோம், எல்லோரும் வாருங்கள், செருப்பைக் கரைக்கு வெளியே விட்டுவிட்டு.