பையனின் எடையைப் பற்றி ஒரு பதில்

அயோவா சிட்டி,
ஜூன் மாதம்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு ஏம்ஸில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது. காரில் இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் வீட்டில் இப்போதே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் என்று சமையலறையில் பாதி அவளோடு போய்விடும் போலிருக்கிறது.

மற்றதை அப்புறம் எழுதுகிறேன். நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. சின்னவன் ஆறடி ஒரு அங்குலம், 240 பவுண்டு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கார்டு ஆடுகிறான், அதாவது முன்வரிசையில் நடு ஆளுக்குப் பக்கத்து இடம். கல்லூரியில் ஆட வேண்டுமென்றால் 290-க்கு வா என்று கோச் சொல்லிவிட்டார். பையன் ராத்திரி தூக்கத்தை விட்டு எழுந்து முட்டையும் ரொட்டியுமாகத் தின்கிறான், தங்கச்சி அதைப் பார்த்து அழுகிறாள். உருவம் அவ்வளவு முக்கியமா என்று கேட்கிறாய்.

முக்கியம்தான். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கல்லூரிகளில் அஃபென்சிவ் லைன், அதாவது பந்து வைத்திருக்கிற அணியின் முன்வரிசையில் எதிராளிகளைத் தடுக்கிற ஐந்து பேரின் சராசரி இன்று 300 பவுண்டைத் தாண்டிவிட்டது, அதாவது ஆளுக்கு 136 கிலோவுக்கு மேல். எதிரே குனிந்து நிற்கிறவனும் அதே கனம்தான். ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது முறை வந்து மோதுவான். 240 பவுண்டு பையனை அங்கே நிறுத்தினால் முதல் கால்பகுதி சமாளிப்பான், கடைசிக் கால்பகுதியில் தோள் தொங்கிவிடும். கபடிப் போட்டிகளில் எடை வரம்பு உண்டு. கல்லூரி ஃபுட்பாலில் அப்படி எதுவும் கிடையாது. ஆகவே கோச் சொன்னதில் பாதி சரி. எந்த இடத்துக்கு எந்த எடை, அதை எத்தனை வருஷத்தில் ஏற்றுவது, ஏறிய எடையோடு கால் ஓடுமா என்பதையெல்லாம் அவர் சொல்லவில்லை பார், எனக்குச் சண்டை அந்த மீதிப் பாதியோடுதான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சோலன் என்று ஒரு சின்ன ஊர். டைலர் லிண்டர்பாம் அந்த ஊர்ப் பையன். அயோவா பல்கலைக்கழகத்துக்கு டிஃபென்ஸ் ஆட வந்தவனை 2018-ல் முன்வரிசையின் நடு ஆளான சென்டர் இடத்துக்கு மாற்றினார்கள். 2021-ல் நாட்டிலேயே சிறந்த சென்டர் என்று ரிமிங்டன் விருது வாங்கினான். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டுக்கு முன் அளந்தபோது ஆறடி இரண்டு அங்குலம், 296 பவுண்டு. கை நீளம் 31 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த ஆட்டத்தில் இவையெல்லாம் சின்ன அளவுகள்.

இங்கே பல்கலைக்கழகத்தின் கினிக் ஸ்டேடியத்தில் பந்தை விட்டுவிட்டு, பைனாகுலரை அவன் மேலேயே வைத்துப் பார்த்திருக்கிறேன். பந்து வலது பக்கம் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள். எதிராளி இவனுடைய வலது தோளுக்கு நேரே நிற்கிறான், அதாவது இவனைவிட அரை அடி முன்கூட்டியே அந்தப் பக்கத்தில் இருக்கிறான். லிண்டர்பாம் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுக்கிற அதே நொடியில் அவனுடைய வலது கால் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அடுத்த கால் தரையில் படுவதற்குள் தலை எதிராளியின் வெளித்தோளைத் தாண்டியிருக்கும். இரண்டு கைகளும் அவன் மார்புக்கு உள்ளே. அப்புறம் இடுப்பை ஒரு திருப்பு. அவ்வளவுதான், அந்த ஆள் பந்து போகிற பக்கத்தை எட்டவே முடியாமல் உள்பக்கம் அடைபட்டு நிற்பான். இதற்கு ரீச் பிளாக் என்று பெயர். வெறும் கனத்தால் இதைச் செய்யவே முடியாது. கனமே இல்லாவிட்டாலும் முடியாது, ஏனென்றால் திருப்புகிற நேரத்தில் அவன் தள்ளினால் நீ பின்னால் போய்விடக் கூடாது.

இந்தக் காலும் இடுப்பும் மல்யுத்தத்திலிருந்து வந்தவை என்பது என் அபிப்பிராயம். பக்கத்து ஊரான மவுண்ட் வெர்னனில் இன்னொரு பையன் இருந்தான், டிரிஸ்டன் வர்ஃப்ஸ். இருவரும் 2017-ல் பள்ளி மல்யுத்தத்தில் ஹெவிவெயிட் பிரிவில் மோதினார்கள். பெரிய ஆளான வர்ஃப்ஸை லிண்டர்பாம் ஜெயித்தான். அதனால் வர்ஃப்ஸைக் குறைவாக எடை போட்டுவிடாதே. 2020-ல் டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் அவன் 320 பவுண்டு. அந்த உடம்போடு நின்ற இடத்திலிருந்து 36.5 அங்குலம் எகிறினான், 40 யார்டை 4.85 விநாடியில் ஓடினான். 13-ஆவது ஆளாக டாம்பா பே அணி எடுத்துக்கொண்டது. பெரிய ஆள் மெதுவாகத்தான் இருப்பான், சின்ன ஆள்தான் சுறுசுறுப்பு என்று நாம் நினைக்கிற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. இருவரையும் அயோவா தேடி எடுத்தது கால்களைப் பார்த்து.

2022 டிராஃப்டில் பால்டிமோர் ரேவன்ஸ் செய்தது இன்னும் அழகு. முதல் சுற்றில் 25-ஆவது ஆளாக 296 பவுண்டு லிண்டர்பாம். நான்காவது சுற்றில் 110-ஆவது ஆளாக மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃபலேலே, ஆறடி எட்டு அங்குலம், 384 பவுண்டு. 174 கிலோ, மாப்ளே! மெல்போர்னில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவன். இருவருக்கும் நடுவே 88 பவுண்டு வித்தியாசம், ஆனால் முன்னால் எடுத்தது சின்னவனை. 2024-ல் ஒருவன் சென்டர், மற்றவன் அவனுக்கு வலது பக்கத்தில் கார்டு என்று தோளோடு தோள் நின்று ஆடினார்கள். அவர்கள் திறந்த வழியில் பந்தைச் சுமந்து ஓடுகிற டெரிக் ஹென்றி அந்த சீசனில் 1,921 யார்டு ஓடினான். ஒரே வரிசையில் இரண்டு உடம்புக்கும் இடம் இருக்கிறது, செய்கிற வேலைதான் வேறு வேறு.

சின்ன உடம்புக் கட்சிக்கு என்னிடம் இருக்கிற பெரிய சாட்சி ராணுவக் கல்லூரிதான். வெஸ்ட் பாயிண்டில் படிக்கிறவன் முடித்ததும் ராணுவ அதிகாரியாக வேண்டும், உடல் அளவு விதிகளுக்குள் வர வேண்டும். அதனால் 330 பவுண்டு ஆட்களை அங்கே குவித்து வைக்க முடியாது. அப்படிப்பட்ட அணி 2024-ல் 12 ஆட்டம் ஜெயித்தது, தன் வரலாற்றிலேயே முதல் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக்) பட்டத்தை வாங்கியது, ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 300 யார்டு தரையில் ஓடியே எடுத்தது. அந்த வருஷம் நாட்டின் சிறந்த அஃபென்சிவ் லைன் என்று ஜோ மூர் விருது அவர்களுக்குத்தான் போனது. அந்த விருதை ஒரு தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை, முழு வரிசைக்கும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான். ஐந்து பேரும் ஒரே நொடியில் ஒரே கோணத்தில் கிளம்பினால் ஆளுக்கு இருபது பவுண்டு குறைவை மறைத்துவிடலாம். ஆனால் முழுசாகவும் சொல்ல வேண்டும்: அதே ராணுவக் கல்லூரி அணி அதே சீசனில் நோட்ர டேம் பல்கலைக்கழகத்திடம் 49-14 என்று தோற்றது. எதிரே பெரிய உடம்பும் நல்ல பயிற்சியும் சேர்ந்து வந்தால் மறைத்தது வெளியே வந்துவிடும்.

இந்த வாதம் புதிதும் இல்லை. 1966-ல் கோச் பேர் பிரையன்ட்டின் அலபாமா பல்கலைக்கழக அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அதன் முன்வரிசையில் 200 பவுண்டைத் தாண்டியவர்களே குறைவு. அந்த சீசன் முடிவில், 1967 ஜனவரியில் சுகர் பவுல் என்கிற சீசன் முடிவு ஆட்டத்தில், உடம்பில் பெரிய நெப்ராஸ்காவை 34-7 என்று விரட்டினார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஆரஞ்ச் பவுலிலும் நெப்ராஸ்கா அவர்களிடம்தான் தோற்றது. உடனே நெப்ராஸ்காவும் இளைத்துப் பார்த்தது. அடுத்த இரண்டு சீசனும் 6 வெற்றி, 4 தோல்வி என்று இழுத்தது. அப்புறம்தான் 1969-ல் பாய்ட் எப்ளி என்பவரை எடைப் பயிற்சிக்கென்றே வேலைக்கு வைத்தார்கள். அந்தக் காலத்தில் எடை தூக்கினால் ஆள் மந்தமாகிவிடுவான் என்று கோச்கள் பயந்தார்கள். தலைமை கோச் பாப் டெவானி, யாராவது ஒருவன் வேகம் குறைந்தாலும் உன் வேலை போய்விடும் என்று எச்சரித்துத்தான் அனுமதி கொடுத்தார் என்று எப்ளியே சொல்லியிருக்கிறார். 1970, 1971 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம் நெப்ராஸ்காவுக்கு. மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றினார்கள். உன் பையனின் கோச்சும் டெவானி போட்ட அந்த நிபந்தனையை வைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். 290-க்கு வா என்று சொன்னவர், 20 யார்டு ஓட்டத்தில் ஒரு நொடிகூட இழக்காமல் வா என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

டாக்கிள் இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அது அவனுக்கு வேண்டாம். ஓரத்தில் நிற்கிறவனுக்கு உயரமும் நீளமான கையும் வேண்டும் என்று கேட்கிறார்கள். லூசியானா ஸ்டேட்டின் வில் கேம்பெல்லுக்கே கை 33 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைகிறது என்று அவ்வளவு பேச்சு எழுந்தது, 2025-ல் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டும்கூட. உன் பையன் ஆறடி ஒரு அங்குலம். அவன் இடம் நடுவில், கார்டு அல்லது சென்டர். ஜேசன் கெல்சியை அவனுக்குக் காட்டு. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் லைன்பேக்கராக (தடுக்கிற அணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிறவன்) சேர்ந்தவன், அங்கேதான் முன்வரிசைக்கு வந்தான். 2011-ல் 191-ஆவது ஆளாகத்தான் ஃபிலடெல்ஃபியா எடுத்தது, எடை 280 பவுண்டு. 13 சீசன் அதே அணியில் சென்டர்.

இப்போது நான் பயப்படுகிற விஷயம். உங்கள் அப்பாவுக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது என்று உனக்குத் தெரியும். நம் ஊர் உடம்புக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே அது வந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 17 வயதுப் பையன் ஒரே வருஷத்தில் 50 பவுண்டு ஏற்றினால் அதில் பெரும்பகுதி வயிற்றில்தான் போய் உட்காரும். அதைச் சுமந்துகொண்டு அவன் டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் ஹெல்மெட்டும் பேடும் போட்டு ஓட வேண்டும். 2018-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 19 வயது அஃபென்சிவ் லைன்மேன் ஒருவன் ஓட்டப் பயிற்சியில் வெப்பத்தால் விழுந்து, இரண்டு வாரம் கழித்து இறந்துபோனான். உடனே அவனைக் குளிர்ந்த நீரில் இறக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. வெப்பத்தில் விழுகிற ஃபுட்பால் பையன்களில் அதிகம் பேர் இந்த இடத்தில் ஆடுகிற கனத்த பையன்கள்தான். ஆகவே பயிற்சி தொடங்கும் முன் நீயே மைதானத்துக்குப் போய், ஐஸ் தண்ணீர்த் தொட்டி நிரப்பி வைத்திருக்கிறார்களா, அருகில் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்று கேள். கேட்க வெட்கப்படாதே. டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனையும் செய்துவிடு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

எடையை ஏற்றத்தான் வேண்டும், ஆனால் நிதானமாக. அடுத்த சீசனுக்கு 255, கல்லூரிக்குப் போகும்போது 270 வந்தால் போதும். மீதியைக் கல்லூரியில் சாப்பாட்டு நிபுணரும் ஜிம்மும் பார்த்துக்கொள்வார்கள். முதல் வருஷம் ஆட்டத்தில் இறக்காமல் உடம்பை வளர்க்க விடுவது அங்கே வழக்கம்தான். ராத்திரி முட்டையை நிறுத்தச் சொல். பகலில் ஒழுங்காக நான்கு வேளை சாப்பிடட்டும், ராத்திரி தூங்கட்டும், வளர்கிற பையனுக்குத் தூக்கம்தான் முதலில். குளிர்காலத்தில் மல்யுத்தத்தில் சேர்த்துவிடு. ஹெவிவெயிட்டின் வரம்பு 285, தாராளமாக இடம் இருக்கிறது. அப்புறம், இங்கே பள்ளி மைதானங்களில் சூட் என்று ஒரு இரும்புக் கூண்டு வைத்திருப்பார்கள், மேலே தாழ்வான கூரை, பக்கங்கள் திறப்பு. லைன்மேன்கள் அதற்குள் குனிந்தபடியே ஓடி வெளியே வர வேண்டும், நிமிர்ந்தால் ஹெல்மெட் டங்கென்று இடிக்கும். உயரமான பையன்கள் அதில் படுகிற பாட்டைப் பார்த்தால் தெரியும், இந்த ஆட்டத்தில் தாழ்ந்து போகிறவன் கைதான் எதிராளியின் மார்புக்குக் கீழே நுழைகிறது. ஆறடி ஒரு அங்குலத்துக்காரனுக்கு அது பிறவியிலேயே கொஞ்சம் சுலபம். அந்தச் சாதகத்தை அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், நீ சொல்லு.

அவன் ஆடுகிற வீடியோ இருந்தால் அனுப்பு. பக்கவாட்டில் ஸ்டாண்டிலிருந்து பந்தைத் துரத்தி எடுத்தது வேண்டாம், அதில் லைன்மேனைப் பார்க்கவே முடியாது. மைதானத்தின் கடைசி முனையான எண்ட் ஸோனுக்குப் பின்னால் உயரத்திலிருந்து எடுத்தது பள்ளியிலேயே இருக்கும், கோச்சிடம் கேட்டால் கொடுப்பார். இங்கே என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் கல்லூரியில் சென்டர் ஆடியவர், பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் முதலில் பார்ப்பது பையனின் இரண்டாவது அடியைத்தான் என்றார், அதனால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற காட்சிகள் பத்துப் பன்னிரண்டாவது இருக்கட்டும்.

தங்கச்சியிடம் நான் போன் செய்கிறேன் என்று சொல். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்