தம்பியின் மாத்திரையை யார் எழுதுவது? ஒன்றிய சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய சுகாதார, குடும்ப நல அமைச்சகத்தில் மனநலத் துறையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் தம்பிக்கு இருமுனை மனநோய். வீட்டில் பைபோலார் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதற்காக 11 வருடமாக லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறான். மனநல மருத்துவரைப் பார்க்க பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக வேண்டும். எங்கள் ஊரில் இருப்பவர் ஓர் உளவியலாளர் மட்டும். எம்.ஃபில் முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர். ஆனால் மருத்துவம் படித்தவர் அல்ல, அதனால் மருந்து எழுத அவருக்கு அனுமதி இல்லை.

உளவியலாளர்கள் மருந்து எழுதலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் மருத்துவர் சங்கமும் உளவியலாளர் சங்கமும்தான் பேசுகின்றன. மாத்திரை சாப்பிடுகிறவன் வீட்டிலிருந்தும் ஒரு குரல் உங்கள் காதில் விழட்டும் என்று எழுதுகிறேன்.

தம்பியை எங்களுக்கு அடுத்தபடி அறிந்தவர் அந்த உளவியலாளர்தான். புதன்கிழமைதோறும் முக்கால் மணி நேரம் அவனோடு உட்காருகிறார். தூக்கம் நான்கு மணி நேரமாகக் குறைந்தால், அவன் பேச்சின் வேகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். மருத்துவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அவரைக் குறை சொல்லவில்லை. வெளியே வராந்தா முழுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. மனநோய் வகையைப் பொறுத்து, 100 பேரில் 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்று 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது.

அப்படியானால் உளவியலாளருக்கே எல்லா உரிமையையும் கொடுத்துவிடலாமே என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு மே மாதம் அந்த நினைப்பு மாறியது.

தம்பிக்குப் பல்வலி. மெடிக்கலில் இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கொண்டான். அப்புறம் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. வெயில் வேறு. மூன்றாம் நாள் காலை டீ டம்ளரை எடுத்தவன் கை ஆடியது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு லேசான நடுக்கம் உண்டு, அது எங்களுக்குப் பழக்கம். இது அப்படியில்லை. பாதி டீ சட்டையில் கொட்டியது. வாய் குழறியது. வாசலுக்கு நடந்தபோது தள்ளாடினான். எதிர் வீட்டு அண்ணன், "என்னம்மா, தம்பி காலையிலேயே போட்டுட்டானா?" என்று கேட்டார். உளவியலாளருக்குப் போன் செய்தேன். பதற்றமாக இருக்கும் என்று மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். மாலைக்குள் அவனால் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது, பணியில் இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்டதே, "லித்தியம் சாப்பிடுறாரா?" என்றுதான். ரத்தத்தில் லித்தியம் 0.6 முதல் 1.0 வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. அவனுக்கு 2.1 இருந்தது. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த வலி மாத்திரையும் அதையே செய்யும் என்று டாக்டர் விளக்கினார்.

உளவியலாளர் பார்க்க வந்து, "எனக்குத் தோணாம போச்சே" என்று அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் படித்தது மனதை. சிறுநீரகத்தை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் 2002-இல் நியூ மெக்சிகோவும் 2004-இல் லூசியானாவும் உளவியலாளர்களை மருந்து எழுத அனுமதித்தன. பிறகு இல்லினாய், ஐயோவா, ஐடஹோ, கொலராடோ, யூட்டா. இதை நமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அங்கே முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர், அதன் மேல் மருந்தியலைத் தனியாகப் படித்து, மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பிறகே எழுத முடியும். நியூ மெக்சிகோவில் அப்போதும் நோயாளியின் பொது மருத்துவரோடு தொடர்பில் இருந்தாக வேண்டும். இங்கே பெயர்ப்பலகை மட்டும் மாறினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு பயமும் எனக்கு உண்டு. சீட்டு எழுதும் உரிமை வந்தால், அந்த முக்கால் மணி நேரமும் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடும்.

ஆனால் இப்போது இருப்பது பாதுகாப்பு என்றும் சொல்லாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு, தன் துறைக்கு அனுமதியில்லாத மருந்தை எந்த மனநலப் பணியாளரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. சரி. நடைமுறையில் தம்பியின் மாத்திரையை நீட்டிப்பது யார் தெரியுமா? மெடிக்கல் கடைப் பையன். டாக்டரின் தேதி தள்ளிப்போனால் கசங்கிப்போன பழைய சீட்டை நீட்டுவோம், அவன் அட்டையை எடுத்துக் கொடுப்பான். தூக்கம் எப்படி, தண்ணீர் குடிக்கிறாரா, கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. இதையெல்லாம் கேட்கத் தயாராக இருப்பவர் நான்கு தெரு தள்ளி இருக்கிறார். அவருக்கு அனுமதி இல்லை.

நான் கேட்பது சிறியது. பதிவு பெற்ற உளவியலாளர்களுக்கு இந்த மருந்துகள் பற்றி முறையான பயிற்சி கொடுங்கள். மருந்தைத் தொடங்குவதும் அளவை மாற்றுவதும் மருத்துவர் கையிலேயே இருக்கட்டும். நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு, மருத்துவர் கையெழுத்திட்ட திட்டத்தின்படி, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், அதே மருந்தை அதே அளவில் ஒரு மாதம் வரை நீட்டிக்க மட்டும் உளவியலாளரை அனுமதியுங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே அந்த மருத்துவரை அவர் போனில் பிடிக்க வழி வேண்டும்.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவில், மருத்துவர் அல்லாதவர்களுக்கு வரம்புக்கு உட்பட்ட உரிமம் என்ற ஏற்பாட்டை நீங்களே வைத்தீர்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. என் அம்மாவின் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே வீட்டில் தம்பியின் மாத்திரைக்காக நான் ஒரு நாள் சம்பளத்தை இழந்து பஸ் ஏறுகிறேன்.

மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைப் பத்து ஆண்டுக்குள் உலக அளவுகோலுக்கு உயர்த்த முயல்வோம் என்று அதே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் எழுதினீர்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். அந்தக் கெடு 2028 மே மாதத்தோடு முடிகிறது.

இன்று தம்பியின் டப்பாவில் 9 நாளுக்கு மாத்திரை இருக்கிறது. டாக்டர் கொடுத்திருக்கும் தேதிக்கு இன்னும் 12 நாள். பழைய சீட்டை எடுத்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அக்கா