அந்தக் குருவிக்குப் பெயர் கிடைத்தது

மன்னார்குடி
நவம்பர் 9

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேத்திக்கு முன்பல் விழுந்த கதையைப் படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். மழை, கரண்ட் இல்லை, அப்புறம் அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல். இப்போது நன்றாக இருக்கிறார். தாமதமானதும் ஒரு விதத்தில் நல்லதுதான், உனக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

1979இல், ஐப்பசி மழையில், நம் ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு குருவி வந்து விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பச்சை முதுகு, வாலே இல்லாத மாதிரி ஓர் உருவம். நீதான் முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாய். யாருக்கும் பெயர் தெரியவில்லை. அது என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது, ராஜி.

வீட்டு வேலைக்கு வரும் செல்வி, மகள் பிரசவத்துக்காக மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தாள். முட்டிவலியோடு என்னால் குனிந்து பெருக்க முடியாது. கொல்லையில் மாவிலையும் பலா இலையும் கிணற்றடி வரைக்கும் சருகாக விழுந்து, மழையில் ஊறிக் கிடந்தன. போன மாதம் 20ஆம் தேதி காலையில் பாத்திரம் கழுவப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சருகு தானாகப் புரளுகிறது. ஓணானாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம்தான் தலை தெரிந்தது.

முதலில் பட்டது சிறகில் பளிச்சென்ற நீலம். மீன்கொத்தி என்றே முடிவு கட்டினேன். ஆனால் மீன்கொத்தி சருகில் என்ன செய்யும்? அலகும் அவ்வளவு நீளமில்லை. தரையில் தத்தித் தத்திப் போன விதத்தைப் பார்த்தால் காடை மாதிரி. காடைக்கு ஏது இத்தனை வர்ணம்? அவர் எட்டிப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்த சீமைக் குருவி என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முப்பது வருஷம் உயிரியல் பாடம் எடுத்தவள், பார்த்ததை எழுதி வைக்காமல் இருப்பேனா? பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

மைனாவை விடக் கொஞ்சம் சிறிசு. நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவில் ஒரு கறுப்புக் கோடு, இரண்டு பக்கமும் பழுப்பு. கண்ணுக்கு அகலமாக மையிட்டு இழுத்த மாதிரி கறுப்புப் பட்டை, அதற்கு மேலே மெல்லிய வெள்ளைக் கீற்று. தொண்டை வெள்ளை. வயிறு அரைத்த சந்தன நிறம். வாலுக்கு அடியில் மட்டும் குங்குமச் சிவப்பு. கால் நீளம், வெளிர் ரோஸ். வால் கட்டை விரல் அளவுகூட இல்லை, அதை மட்டும் மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது. ஓர் இலையைக் கவ்வி ஒதுக்கும், சற்று நிற்கும், மண்புழுவை இழுக்கும். அரிசி போட்டுப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாலை எழுதும்போதுதான் கை நின்றுவிட்டது. ஹாஸ்டல் குருவி.

பக்கத்து வீட்டுப் பையன் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். அவன் மாடியிலிருந்து படம் எடுத்து, மெர்லின் என்று ஒரு செயலியில் போட்டான். அரை நிமிஷத்தில் ‘இந்தியன் பிட்டா’ என்று வந்தது. தமிழில் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்கிறார்களாம். விடியலிலும் பொழுது சாய்கிற வேளையிலும், ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். எனக்கோ படத்தை வைத்து மட்டும் நம்ப இஷ்டமில்லை. சாயந்திரம் விளக்கைப் போடாமல் கொல்லைக் கதவோரம் உட்கார்ந்தேன். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, முருங்கைக்குக் கீழே இருட்டிலிருந்து இரண்டே சுரத்தில் சீழ்க்கை. வீ...ட்டியூ. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அலகை வானத்துக்குத் தூக்கிக் கூப்பிடுகிறது. ஏழெட்டுத் தடவை கூப்பிட்டுவிட்டு நின்றுவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது ராஜி, உன்னிடம் சொல்வதற்கென்ன.

பெயர் தெரிந்ததும் தேடித்தேடிப் படித்தேன். ‘பிட்டா’ என்பது என்ன தெரியுமா? உங்கள் அம்மா முற்றத்துக் குருவியைக் காட்டி ‘பிட்ட’ என்பார்களே, அதே தெலுங்குச் சொல்தான்! உங்கள் வீட்டுச் சொல் உலகம் முழுக்க அறிவியல் பெயராகியிருக்கிறது. 1766இல் லின்னேயஸ் இதைக் காக்கைப் பேரினத்தில் சேர்த்து, ‘குட்டை வால்’ என்ற பொருளில் பிராக்கியூரஸ் என்று பெயர் வைத்தாராம். காக்கை போய்விட்டது, குட்டை வால் மட்டும் இன்னும் நிற்கிறது: பிட்டா பிராக்கியூரா.

இதன் எடை ஐம்பது, அறுபது கிராம். ஒரு கோழிமுட்டை கனம். இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வந்துவிடும். சிலது கடலைத் தாண்டி இலங்கைக்கும் போகிறது. பயணமெல்லாம் ராத்திரியில். உன் டேராடூனிலிருந்து இந்தக் கொல்லைக்கு நேர்கோட்டிலேயே 2,000 கிலோமீட்டருக்கு மேல். வந்து சேர்கிற நாட்களில் களைத்துப்போய், வீடு தெரியாமல் வராந்தாவிலும் அறையிலும் விழுவது வழக்கமாம். காக்கைகள் வேறு துரத்தும்.

அன்று நாம் என்ன செய்தோம்? கூடையைக் கவிழ்த்து, மேலே பல்பை எரியவிட்டு, ஹாஸ்டலில் இருந்த எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து பார்த்தோம். பாலும் அரிசியும் வைத்தோம். விடியும்போது செத்துக் கிடந்தது. நீ புங்க மரத்தடியில் புதைத்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்குத் தேவைப்பட்டது ஓர் அட்டைப்பெட்டி, காற்றுக்கு நாலு ஓட்டை, இருட்டு, யாரும் தொடாத சில மணி நேரம். அவ்வளவுதான். தெம்பு வந்ததும் மரமுள்ள இடத்தில் திறந்து வைத்தால் போயிருக்கலாம். உன்னை வருத்தப்படுத்த எழுதவில்லை. இத்தனை வருஷம் நாம் இரண்டு பேரும் அதை மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

செல்வி போன வாரம் பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தாள். வந்ததும் விளக்குமாறை எடுத்தாள். கிணற்றடியிலிருந்து பலா மரம் வரை இனிமேல் பெருக்கவே வேண்டாம், எரிக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாம்பு வருமே அம்மா என்றாள். நடக்கிற பாதையை மட்டும் சுத்தமாக வைக்கச் சொன்னேன். எத்தனை ஐப்பசியில் நான் அந்தச் சருகைக் கூட்டி எரிக்க வைத்தேனோ, அத்தனை ஐப்பசியிலும் இது இங்கே இறங்கிப் பார்த்துவிட்டுப் போயிருக்குமோ என்று நினைக்கும்போது மனசு கலங்குகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏப்ரலுக்குள் இது கிளம்பிவிடும். ஜூன், ஜூலையில் உங்கள் பக்கத்துச் சால் மரக் காடுகளில் கூடு கட்டும். காய்ந்த இலையும் புல்லும் வைத்து உருண்டையாக, பக்கவாட்டில் வாசலோடு, தரையிலோ தாழ்ந்த கிளையிலோ இருக்குமாம். அங்கே அந்தப் பருவத்தில் ஆறு மணி கணக்கெல்லாம் இல்லை, பகலெல்லாம் கூப்பிடும். அதனால்தானோ என்னவோ வடக்கே நேரத்தை விட்டுவிட்டு வர்ணத்தைப் பிடித்துக்கொண்டு ‘நவ்ரங்’, ஒன்பது வர்ணம், என்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், எட்டு கிடைத்தது. மாப்பிள்ளை உங்களைக் காட்டோரம் கூட்டிப் போகும்போது பேத்தியை எண்ணச் சொல். கூடு கண்ணில் பட்டால் கிட்டே போகவிடாதே.

மணி ஐந்தரை ஆகிறது. மழை விட்டிருக்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் கோமதி